தண்ணிக்கு ஏது கிட்னி

அவனை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கூட வேலை பார்த்தபோது ‘சார், சார்’ என்றுதான் கூப்பிட்டேன். சம்பளம் வாங்குகிற இடத்தில் வேறென்ன செய்வது? இப்போது எனக்கு யார் தயவும் தேவையில்லை. பெயர் தெரியும், சொல்ல மாட்டேன். அவனுக்குப் பேத்தி கீத்தி என்று யாராவது இருந்தால் எங்கேயாவது நல்லபடியாக இருப்பாள். அவள் என்ன பாவம் செய்தாள்?

திருத்தணியில் அவனை ‘ரத்தக்காரர்’ என்பார்கள். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதே, அப்போது அங்கே தொழில் செய்துகொண்டிருந்த டாக்டர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து ஸ்டேஷன் ரோட்டில் ஒரு வீட்டைப் பிடித்து ஆஸ்பத்திரி வைத்தார். அவரோடு வந்தவன் இவன். ரயிலை விட்டு இறங்கும்போது ஒரு மரப்பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினானாம். கூலிக்காரர்களைக் கிட்டே விடவில்லையாம். நான் அங்கே நர்ஸாகச் சேர்ந்தது கொஞ்ச நாள் கழித்து. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் படித்தவள் நான்; வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார்.

நல்ல உயரம், நல்ல நிறம். தலைமுடி என்றால் அப்படி ஒரு முடி. வகிடு எடுத்து, வாசனை எண்ணெய் போட்டு, பின்பக்கம் தூக்கி வாரியிருப்பான். மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எங்களிடம் நிறைய உண்டு. அவர்களைக் கண்டால் இவனுக்கு வாய் சும்மா இருக்காது. “மயிர குடுத்தா முருகன் கிட்னிய குடுத்துருவாரா? நல்ல பேரமா கீதே!” என்பான். பாவம், அவர்கள் சந்தனம் பூசிய தலையைத் தடவிக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்த மரப்பெட்டியில் இருந்தது நிறம் பார்க்கிற கருவி. அதோடு, பஞ்சில் சுற்றி மெழுகு வைத்து அடைத்த சில புட்டிகள். அளவு தெரிந்து பட்டணத்திலேயே கலந்து வந்த அந்தத் தண்ணீரைத்தான் அவன் ‘ஸ்டாண்டர்டு’ என்பான். விஷயம் இதுதான். கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் யூரியா என்கிற கழிவு ரத்தத்தில் தேங்கிவிடும். ரத்தத்தைத் தெளிய வைத்து அதில் ஒரு வகைப் பயற்று மாவைப் போட்டால் அந்த யூரியா அம்மோனியாவாக மாறும். குதிரை லாயத்துக்குள் கால் வைத்ததும் மூக்கைப் பிடுங்குமே ஒரு நெடி, அதுதான் அம்மோனியா. அப்புறம் காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டு, ஒரு மருந்தைச் சொட்டினால் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு யூரியா. பட்டணத்திலிருந்து வந்த புட்டியிலும் அதே மருந்தைச் சொட்டி, இரண்டையும் கருவியில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். இரண்டு நிறத்தையும் ஒப்பிட்டு ஒரு எண் சொல்வான். நாற்பதுக்குள் இருந்தால் பயமில்லை.

சொல்வான் என்றேன், தப்பு. கூவுவான். அவன் அறைக்கும் டாக்டர் அறைக்கும் நடுவில் ஒரு பெரிய கூடம், அதில்தான் நோயாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். இவன் கதவைத் திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, ஏலக்காரன் மாதிரி “முப்பத்திரெண்டு!” என்பான். டாக்டருக்குக் கேட்கிறதோ இல்லையோ, கூடத்துக்கே கேட்கும். காகிதத்தில் எழுதிக் கொடுங்களேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “எழுதறது மறந்து போறவனுக்கும்மா” என்றான்.

ஆஸ்பத்திரி வீட்டின் பின்சுவரை ஒட்டித்தான் ஜட்காக்காரர்கள் குதிரை கட்டுகிற இடம். ஸ்டேஷனில் இறங்குகிற சாமிக்கூட்டத்தை மலையடிவாரத்துக்குக் கொண்டுபோகிற வண்டிகள். இவன் அறை ஜன்னல் நேரே அங்கே திறக்கும். அந்த ஜன்னலடியில், காற்றுக்குக் குளிர்ந்திருக்கட்டும் என்று, வடித்த தண்ணீரை வாயகன்ற கண்ணாடி ஜாடியில் வைத்து மேலே ஒரு மல்துணியைக் கட்டியிருப்பான். மூக்கில் எந்நேரமும் சென்ட் போட்ட கைக்குட்டை. ஜட்காக்காரரோடு தினம் தினம் சண்டை.

“இன்னாய்யா, குதிர வெச்சிகினு கீறியா, சாக்கடை வெச்சிகினு கீறியா? மனுசன் இங்க ஒக்காந்து வேலை செய்ய வாணாமா?”

“அது பெய்யறதுக்கு நான் இன்னா சாமி பண்ணட்டும்? ஒங்களாண்ட கண்ணாடிக் குழாய் இருந்தா ஒண்ணு குடுங்க, புடிச்சித் தரேன். அதையும் சோதன பண்ணிப் பாருங்க.”

நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவன் மட்டும் சிரிக்க மாட்டான்.

வந்த புதிதில் டாக்டர் ஒருநாள் இவனிடம், புது இடமாயிற்றே, ரத்தம் எதுவும் விடாமல் வெறும் தண்ணீரில் மருந்தைச் சொட்டிப் பார்த்தாயா என்று கேட்டார். தண்ணீர் சுத்தமாக இருந்தால் மஞ்சள் வரக்கூடாது, அதைப் பார்ப்பது முறை என்று பிறகு எனக்குத் தெரிந்தது. இவன் என்ன சொன்னான் தெரியுமா? “தண்ணிக்கு ஏது டாக்டர் கிட்னி?” என்றான். டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஜப்பான் சண்டைக் காலம், மருந்து கிடைக்காத நேரம், ஒரு சொட்டு மிச்சமானால் நல்லதுதானே என்று அவருக்கும் இருந்திருக்கும். அதற்கப்புறம் இவன் அந்தப் பேச்சைப் பெரிய ஹாஸ்யமாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கை சுத்தம். குழாய்களை அவனே கழுவுவான், வேறு யாரையும் விட மாட்டான். ஒரு துளி சிந்தி நான் பார்த்ததில்லை. அவ்வளவு சுத்தமான கைக்கு ஒரு ஜாடியை இழுத்து மூடத் தோன்றவில்லை, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

என் தங்கையைப் பள்ளிப்பட்டில் கொடுத்திருந்தோம். கிணறும் கழனியும் உள்ள குடும்பம், மாப்பிள்ளை ஒரே பிள்ளை. முதல் பிரசவத்தில் குழந்தை செத்துப் பிறந்தது. அப்புறம் அவளுக்கு இரண்டு காலும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. ஐப்பசி அடைமழையில் மாமியார் கூண்டு வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். மழைக்கு ஜட்கா ஒன்றும் ஓடவில்லை. குதிரைகள் அத்தனையும் பின்சுவரோரம் நின்றிருந்தன. கூடத்தில் இருந்த எங்களுக்கே கண் எரிந்தது.

ரத்தம் எடுத்துக் கொடுத்தவள் நானே. பிரசவ வீக்கம், பத்தியத்தில் வடிந்துவிடும் என்று நினைத்தேன். கதவு திறந்தது. வாரிய தலை வெளியே வந்தது.

“தொண்ணூத்தாறு!”

கூடம் முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. பக்கத்திலிருந்த ஒருத்தி என் தங்கையை விட்டு எழுந்து தள்ளி உட்கார்ந்தாள், தொற்றுநோய் மாதிரி. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அது இன்னாம்மா தொண்ணூறுன்றாரு? நம்ம பொண்ணுக்கா?”

டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். குண்டிக்காய், அதுதான் கிட்னி, கெட்டுவிட்டது. உப்பு கூடாது, பருப்பு கூடாது, பால் கூடாது. இனிமேல் பிள்ளையும் கூடாது, உண்டானால் தாய் தங்க மாட்டாள். என் தங்கை அவர் மேஜையில் இருந்த மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இவன் அறைக்கு ஓடினேன். “சார், அவ என் கூடப்பொறந்தவ. இன்னொரு வாட்டி பாத்து சொல்லுங்க சார்.”

“துணிக்கடையில முழம் போட்டவனாண்ட போயி, திரும்ப முழம் போடுன்னு சொல்லுவியாம்மா?”

சொல்வோமய்யா! முழம் போட்டவன் எதிரிலேயே எங்கள் கையால் இன்னொரு முறை போட்டுப் பார்க்கிற ஊர்க்காரர்கள்தான்! இதை அன்றைக்கே அவன் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். அழுகை வந்துவிட்டது, கேட்கவில்லை.

மார்கழிக்குள் அவள் கால் வீக்கம் தானாக வடிந்துவிட்டது. கேட்டவர்கள் மனசிலிருந்து அந்த எண் மட்டும் வடியவில்லை. உப்பில்லாத கஞ்சியும் சுட்ட கத்தரிக்காயும் தின்று துரும்பாகப் போனாள். அவள் மாமியார் கெட்டவள் இல்லை, அதை அடித்துச் சொல்வேன். அவளுக்குத் தனியாக உலை வைத்துச் சமைத்துப் போட்டவள் அந்த அம்மாள்தான். ஆனால் ஒரே பிள்ளை, வம்சம் வேண்டுமில்லையா? தையிலிருந்தே பிள்ளைக்கு வேறு பெண் பார்க்கிற பேச்சு அடிபட்டது. ஆடி பிறக்கும்போது பெண்ணும் பார்த்து வைத்துவிட்டார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காவடி மேல் காவடி. அரக்கோணம், சோளிங்கர் எல்லா ஊர் ஜட்காவும் எங்கள் ஸ்டேஷன் வாசலில்தான். பின்சுவரோரம் குதிரைச் சந்தையே கூடிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து டாக்டருக்கு நீர்க்கடுப்பு. வடை, பாயசம், வெயில், எல்லாம் சேர்ந்து பிடித்திருக்கும். எதற்கும் பார்த்துவிடலாம் என்று தன் ரத்தத்தையே கொடுத்தார்.

“நூத்தி இருவது!”

தனக்குச் சம்பளம் கொடுக்கிறவராயிற்றே, மெதுவாகச் சொல்வோம் என்றுகூட இல்லை. அதே கூவல். டாக்டர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். ஊர் வைத்தியத்தை எல்லாம் கேலி செய்கிற அந்த மனுஷர் அன்று ராத்திரியே உப்பை விட்டார், பாலை விட்டார். டாக்டர் சம்சாரம் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். திருவிழாக் கூட்டம் குறைந்ததும் டாக்டர் ரயிலேறிப் பட்டணம் போய், தெரிந்த இடத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தார். சாதாரணமாக எல்லோருக்கும் இருக்கிற அளவுதான் இருந்தது.

திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, நேரே இவன் அறைக்குள் போனார். நான் ஊசித் தட்டோடு அங்கே நின்றிருந்தேன்.

“வெறும் தண்ணியில மருந்த விடுய்யா.”

இவன் சிரித்தான். “தண்ணிக்கு ஏது டாக்டர்...”

“விடுன்னேன்.”

விட்டான். தெளிவாக இருக்க வேண்டிய தண்ணீர் மஞ்சள் கரைத்த மாதிரி ஆயிற்று. கொட்டிவிட்டு வேறு குழாயைக் கழுவி இன்னொரு தடவை விட்டான். அதுவும் மஞ்சள். இவன் ஜாடியைப் பார்த்தான், அதற்கு மேலே ஜன்னலைப் பார்த்தான். வெளியே ஜட்காக்காரர் சாணியைத் தள்ளிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்து, “இன்னா சாமி, இன்னிக்கி நாத்தம் கம்மியா?” என்றார்.

ஒப்பிட்ட புட்டி பட்டணத்துத் தண்ணீர். ரத்தத்தில் விட்டது ஜன்னலடியில் குதிரை நெடியைக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர். வருகிறவர்களின் ரத்தத்தோடு குதிரைகளின் கணக்கையும் சேர்த்துத்தான் இத்தனை நாளாக அவன் கூவியிருக்கிறான். தன் மூக்கை மட்டும் கைக்குட்டையால் மூடிக்கொண்டவன்.

டாக்டர் எங்கள் இருவரிடமும் தணிந்த குரலில், “வெளிய தெரிய வேணாம்” என்றார். மறுநாளே கொத்தன் வந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தான். ஜாடி போய், கண்ணாடி மூடி போட்ட புட்டி வந்தது. இங்கத்துத் தண்ணீரிலேயே ஸ்டாண்டர்டு புதிதாகக் கலந்தார்கள். தினம் காலையில் முதல் வேலை, வெறும் தண்ணீரைப் பார்ப்பது. அதிலிருந்து இவன் சொன்ன எண் ஒன்றுகூடப் பிசகியதில்லை. ஜன்னலை அடைத்ததற்கு அடுத்த நாள் அவன் வேலைக்கு வரவில்லை. மறுபடி வந்தபோது தலையில் ஒரு மயிர் இல்லை. மொழுமொழுவென்று மொட்டை, அதன்மேல் சந்தனம்.

“இன்னா சார் இது?”

“வேண்டுதல்மா” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் தங்கையை வரவழைத்து மறுபடி ரத்தம் எடுத்துக் கொடுத்தேன். கதவு திறக்கவே இல்லை. உள்ளே போனேன். “இருவத்தாறு” என்றான். எனக்கே காதில் விழாத அளவுக்கு.

டாக்டர் மாமியாரிடம் சொல்லத்தான் செய்தார், ஆனால் எப்படிச் சொன்னார்? மருந்தில் குணமாகிவிட்டது என்றார். “கொணமானது திரும்பி வராதுங்களா?” என்று அந்த அம்மாள் கேட்டாள். வராது என்று எந்த வைத்தியன் எழுதிக் கொடுப்பான்? நான் பள்ளிப்பட்டுக்கே போய், வியாதியே இல்லை, சோதனைதான் தப்பு என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“யம்மா, நீ அக்காக்காரி. ஒன் தங்கச்சிக்காக நூறு சொல்லுவே, நானா இருந்தாலும் சொல்லுவேன். அன்னிக்கி அத்தினி பேர் எதிர்ல கூவினாரே, அவரு வாயால தப்புன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். பாத்து வெச்ச பொண்ண இன்னியோட நிறுத்திடறேன். எனக்கு மட்டும் இவள தள்ளி வெக்கணும்னு ஆசையா?”

நியாயமான பேச்சு. நான் ஓடி வந்து அவனிடம் கைகூப்பி நின்றேன்.

“ஒரே வார்த்தை சார். அவ வாழ்க்கை சார்.”

“ஒருத்தருக்குச் சொன்னா ஊருக்கே சொல்லணும்மா. பொதட்டூர்பேட்டக்காரன் ஒருத்தன் நான் கூவினத கேட்டு தறிய வித்துட்டு சாவப் போறேன்னு ஒக்காந்துகினு கீறானாம். அவனுக்கு இன்னா சொல்லுவேன்? அப்புறம் இந்த ரூம்புல எவன் ரத்தம் குடுப்பான்?” கையால் மொட்டையைத் தடவினான். “மலை ஏறி முடி குடுத்துட்டு வந்தேன். அதுக்கு மேல இன்னா பண்ணச் சொல்றே?”

“முருகனுக்கா சார் கூவினீங்க? அவ மாமியாருக்குத்தானே கூவினீங்க!”

அவன் குழாய் கழுவப் போய்விட்டான்.

சொன்ன சொல் தவறாமல் மாமியாரே ஒருநாள் வந்தாள். மகனையும் கூட்டி வந்து கூடத்தில் உட்கார வைத்தாள். என் தங்கை அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நான் கதவைத் தட்டினேன். விடாமல் தட்டினேன். வெளியே வந்தான். மொட்டைத்தலையைக் கண்டதும் அந்த அம்மாள் சாமியாரைப் பார்த்த மாதிரி எழுந்து நின்றுவிட்டாள்.

“ஐயா, மலைக்கு முடி குடுத்திருக்கீங்க, பொய் சொல்ல மாட்டீங்க. அன்னிக்கி இந்தப் பொண்ணுக்கு தொண்ணூத்தாறுன்னு கூவினீங்களே, அது நெசம்தானுங்களா?”

அவன் டாக்டர் அறையைப் பார்த்தான். கூடத்தில் காத்திருந்தவர்களைப் பார்த்தான். என் தங்கையைப் பார்த்தான், அதை நான் பார்த்தேன். அப்புறம் சொன்னான்.

“அன்னிக்கி நான் பாத்தது தொண்ணூத்தாறுதாம்மா.”

பொய்யா சொன்னான்? இல்லை! பார்த்தது தொண்ணூற்றாறுதான். சண்டாளன், அன்றைக்கு மட்டும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அளந்து சொன்னான். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. டாக்டர் வந்து என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். கூடத்தில் அந்த அம்மாள் “கும்புடறேங்க” என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனது கேட்டது.

ஆவணியில் மலைமேலேயே அந்தக் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டாரை ஸ்டேஷனிலிருந்து ஏற்றிக்கொண்டு போனவர் எங்கள் பின்சுவர் ஜட்காக்காரர்தான். “மனசு கேக்கல நர்சம்மா, வயித்துப் பொழப்பு” என்று மறுநாள் என்னிடம் வந்து நின்றார். அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? எந்தக் குதிரையும் செய்வதைத்தான் அவர் குதிரை செய்தது.

ஜப்பான் சண்டை முடிந்து டாக்டர் பட்டணத்துக்கே திரும்பினார். இவனும் போனான், அதே மரப்பெட்டியை அணைத்துக்கொண்டு. முடி வளர்ந்து பழையபடி வகிடு எடுத்திருந்தான். “வரேம்மா” என்றான்.

தங்கை என்னோடுதான் இருக்கிறாள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், எனக்குப் பல் போய்விட்டது, அவள் மட்டும் குத்துக்கல் மாதிரி இருக்கிறாள். ஒருநாள் கால் வீங்கியதில்லை, முகம் வீங்கியதில்லை. இந்த ஆடிக் கிருத்திகைக்குச் சாம்பாரும் வடையும் செய்து, இரண்டு பேர் தட்டிலும் ஒரே மாதிரிதான் போட்டு வைத்தேன். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“உப்பு போட்டியா அக்கா?”

“போட்டேன். துன்னு. ஒன் குண்டிக்காய்க்கு ஒரு கேடும் இல்ல, எத்தினி வருஷமா சொல்லிகினு கீறேன்!”

“நீ சொல்றே” என்றாள். “அவரு சொல்லலியே.”

எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு, அவளுடைய கஞ்சிப் பானையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.